வேனிற் காலத்து வெண்பனியும் காலுக்கு முள்ளடியும்

எமது கல்லூரித் தாயின் மடியிலே வளர்ந்த பழைய மாணவர் இன்று உலகின் பல பாகங்களிலும் பரந்து வாழ்கின்றனர். அவருட் பலர் சுவிற்சர்லாந்து, நோர்வே, கனடா முதலிய குளிர்நாடுகளைத் தம் இருப்பிடமாகக் கொண்டுள்ளனர். கோடை விடுமுறையிற் பிள்ளைகளோடு மலையேறி நடப்பது அந்நாட்டார் வழக்கம். நம்மவரும் அவ்வழக்கத்தை மேற்கொண்டு வருகின்றனர். விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் இலக்கியக் கட்டுரை வரைவதே முறை என்று எண்ணுவோர் இம்முறை எம்மைப் பொறுத்தருள்வாராக. வேனிற் காலத் தொடக்கத்தில் மலைநடைக்குப் புறப்படுவோர் காலுக்கு எதனை எடுத்துச் செல்லல் வேண்டும், அதனை எங்ஙனம் பையில் வைத்தல் வேண்டும் என்பதே யாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள். இப்பொருளை எமக்குக் கற்பித்தது ஒரு சிறுவனின் காயம்பட்ட உள்ளங்கை.

2019 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், எம்மிடம் முன்னர்த் தமிழ் பயின்ற மாணவர் ஒருவரின் அழைப்பின்பேரில் யாம் சுவிற்சர்லாந்து சென்றிருந்தோம். அவர் பேர்ன் நகருக்கு அண்மையில் மனைவி மக்களோடு வாழ்பவர். “ஐயா, இங்கு வந்தும் மலையில் நடவாமற் போனால் வந்ததன் பயன் இல்லை” என்று கூறி, தம் பன்னிரண்டு வயது மகனையும் உடன் கொண்டு, பவுல்ஹோர்ன் என்னும் மலைப்பாதைக்கு எம்மை அழைத்துச் சென்றார். அவ்வாரம் ஐரோப்பா முழுவதும் கடும் வெப்பம் நிலவிற்று. வில்டர்ஸ்வில் என்னும் ஊரிற் காலையிலேயே வியர்த்தது. புறப்படுமுன் அவர் தம் வீட்டு வாயிலில் முதுகுப் பையைத் திறந்து, அதிலிருந்த இரும்பு முள்ளடிச் சோடியை வெளியே எடுத்து, சப்பாத்துத் தட்டின்மேல் வைத்துவிட்டு, அவ்விடத்திற் குளிர்பானப் போத்தல் ஒன்றைச் செருகியதை யாம் கண்டோம். “இந்த வெயிலில் இது எதற்கு, ஐயா?” என்றார். எமக்கும் அது சரியாகவே பட்டது. அப்பிழையின் கதையையும், அதிலிருந்து யாம் அறிந்தவற்றையும் முறைப்படி கூறுவாம்.

வெயிலிற் பனி நிற்பது ஏன்?

நம் நாட்டில் மிக உயர்ந்த மலை பிதுருதலாகலை. அதன் உயரம் 2,524 மீற்றர். பவுல்ஹோர்ன் சிகரத்தின் உயரம் 2,681 மீற்றர். இரண்டுக்கும் இடையே வேற்றுமை 157 மீற்றரே. ஆயினும் ஒன்றிற் பனி படிவதில்லை. மற்றொன்றிற் கோடை பிறந்த பின்னும் பனி கிடக்கின்றது. நம் நாடு மத்திய கோட்டுக்கு அணித்தாய் இருக்க, அல்ப்ஸ் மலைத்தொடர் வடக்கே ஏறத்தாழ 46, 47 பாகையில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். சிவனொளிபாதமலையைப் பலமுறை ஏறி இறங்கியவர்கள் உயரத்தை மட்டும் பார்த்து, “இஃது எமக்குப் பழகிய மலைதானே” என்று கருதுதல் கூடாது.

மேலே செல்லச் செல்ல ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பம் சராசரி ஆறரைப் பாகை செல்சியஸ் அளவிற் குறையும். வில்டர்ஸ்வில் 584 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து 1893 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பற்சக்கரப் புகையிரதம் எம்மை 1,967 மீற்றர் உயரத்திலுள்ள ஷினிகே பிளாற்றே என்னும் இடத்திற்கு ஏற்றிச் சென்றது. கீழே 30 பாகையாயின் மேலே 21 பாகையளவே இருக்கும். அதுவும் பனியை உருக்கும் வெப்பமே. ஆயின் பனி எங்கும் ஒரே ஆழத்திற் கிடப்பதில்லை. மாரியிற் காற்று அள்ளிக் குவித்த இடங்களிலும், பனிச்சரிவு வந்து வீழ்ந்த பள்ளங்களிலும், வெயில் படாத வடக்குச் சாய்வுகளிலும் அது பல மீற்றர் ஆழத்திற்குத் தங்கிவிடும். அவ்வாண்டு மே மாதம் வழமையினும் குளிராய் இருந்தமையால் உயரத்துப் பனி பிந்தியே உருகிற்று. ஆதலின், மலர் நிறைந்த பசும்புல் வழியே இரண்டு மணி நேரம் நடந்த ஒருவர், ஒரு திருப்பத்திற் பாதையின் குறுக்கே நாக்கு நீட்டியது போலக் கிடக்கும் வெண்பனித் திட்டைச் சந்திக்கின்றார். பாதை முழுவதும் பனியாயின் அவர் முன்னரே திரும்பியிருப்பார். முப்பது அடி தூரமே என்பதனாலேயே அது அவரை ஏமாற்றுகின்றது.

இப்பனிக்கு நாளுக்குள்ளேயே பல குணங்கள் உண்டு. பகலிற் சிறிது உருகி நீர் ஊறும். முகிலில்லாத இரவிலே, சூழ்ந்துள்ள காற்று உறைநிலைக்கு மேல் இருப்பினும், பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானை நோக்கி வீசி இழந்து மீண்டும் உறையும். அதனால் அதிகாலையில் அது கல்லினும் கடிது. சப்பாத்தின் விளிம்பு அதிற் பதியாது. முற்பகலில் மேலே விரலளவு இளகிக் கீழே இறுகியிருக்கும்; இதுவே மிகவும் வஞ்சகமானது. பிற்பகலில் முழங்கால்வரை புதையும். பாறையின் ஓரத்தில் வெப்பத்தால் உருகி மறைவான வெடிப்புகள் தோன்றும். அடியில் நீரோடை ஓடுமாயின் பனி மெல்லிய பாலம் போல் நின்று திடீரென உடையும். எனவே, “நேற்று ஒருவர் கடந்தாராம்” என்பது இன்று நமக்குச் சான்றாகாது. காலையிற் கடந்தது மாலைக்குச் சான்றாகாது.

வழுக்கலின் விரைவு

வழுக்கினால் உட்கார்ந்து நின்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் கணித ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டறிதல் நன்று. 30 பாகை சாய்ந்த இறுகிய பனியில், உராய்வை நீக்கிக் கணித்தால், 20 மீற்றர் தூரம் வழுக்கியவன் மூன்று வினாடிக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர் விரைவை அடைகின்றான். சிறிது உராய்வு இருத்தலால் உண்மை விரைவு இதனிற் குறையும் என்பது மெய்யே. ஆயின் வழுவழுப்பான சட்டையும் காற்சட்டையும் அணிந்தவனுக்கு அக்குறைவு பெரிதன்று. கீழே புல்வெளியாயின் அவன் சிரித்துக்கொண்டு எழுந்து வருவான். பாறைக் குவியலாயின் எழுந்து வருவது ஐயம். ஆகவே பனித்திட்டின் முன் நிற்பவன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, “என்னால் இதைக் கடக்க முடியுமா?” என்பதன்று, “வழுக்கினால் எங்கே போய் நிற்பேன்?” என்பதே.

இரும்பும் றப்பரும்

மலைநாட்டார் இவ்விடரை நெடுங்காலமாக அறிந்தவர். இரும்பு முட்களைக் காலிற் கட்டும் வழக்கம் அல்ப்ஸ் நாடுகளிற் பழமையானது. முற்காலத்து மலையேறிகள் தோற் சப்பாத்தின் அடியில் ஆணி அறைந்து நடந்தனர். 1910 ஐ அண்டிய ஆண்டுகளில் ஒஸ்கார் எக்கென்ஸ்ரைன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் பத்து முட்களையுடைய கிராம்பன் என்னும் கருவியை வகுத்தார். இத்தாலியின் கூர்மாயேர் ஊர்க் கொல்லர் ஹென்றி கிரிவெல் அதனைச் செய்து கொடுத்தார். 1929 இல் லோரன் கிரிவெல் முன்னோக்கிய முட்கள் இரண்டைச் சேர்த்தார்.

1935 இல் விற்றாலே பிறமானி என்னும் இத்தாலிய மலையேறி அல்ப்ஸ் மலையிற் கடுங்குளிரிலே தம் தோழர் அறுவரை இழந்தார். பொருந்தாத காலணியும் அதற்கு ஒரு காரணம் எனக் கண்ட அவர், ஆழ்ந்த வெட்டுக்களையுடைய றப்பர் அடியை ஆக்குவித்து 1937 இல் வெளிக்கொணர்ந்தார். அவர் பெயரின் முதலெழுத்துக்களிலிருந்து பிறந்த விப்றம் என்னும் பெயரை இன்றும் சப்பாத்துக்களின் அடியிற் காணலாம். அந்த றப்பர் பாறையை நன்கு பற்றும். இறுகிய பனியைப் பற்றாது. விலையுயர்ந்த மலைச்சப்பாத்து உடையார் பலரும் மறந்துவிடுவது இந்த வேறுபாட்டையே.

இன்று கடைகளிற் கிடைப்பவை மூவகை. முதலாவது, நகரத்துத் தெருவில் உறைபனிமீது நடப்பதற்காக றப்பரிற் சுருட்கம்பியோ சிற்றாணியோ பதித்தது. இது முதியோர் கடைக்குப் போய்வர உதவும், மலைச்சரிவுக்கு உதவாது. இரண்டாவது, மைக்ரோஸ்பைக் என வழங்கும் சங்கிலி முள்ளடி. சப்பாத்தின்மேல் இழுத்து மாட்டும் றப்பர் வளையமும், அதனடியிற் சங்கிலியும், சங்கிலியில் ஒரு சென்ரிமீற்றர் அளவான முட்கள் பத்துப் பன்னிரண்டும் கொண்டது. சோடியின் நிறை ஏறத்தாழ 400 கிராம். சாய்வு குறைந்த இறுகிய பனிக்கு இது தக்க துணை. சாய்வு மிகுந்த இடத்தில் றப்பர் பக்கவாட்டிற் புரளும். முட்களும் ஆழப் பதியா. மூன்றாவது, கிராம்பன். முட்கள் நீளமானவை, சோடி 600 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை நிறையுடையது. வளையாத அடியுள்ள சப்பாத்தையும், கையிற் பனிக்கோடரியையும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியையும் வேண்டி நிற்பது. மென்மையான ஓட்டச் சப்பாத்திற் பெரிய கிராம்பனைக் கட்டினால் அது நடுவழியிற் கழன்றுவிடும்.

இவ்விடத்து ஒன்றை வலியுறுத்துதல் வேண்டும். சுவிற்சர்லாந்தில் நடைபாதைகளுக்கு நிறக்குறி உண்டு. மஞ்சள் எளிய பாதை. வெள்ளை சிவப்பு வெள்ளை மலைப்பாதை. வெள்ளை நீலம் வெள்ளை, பனிவெளியும் பாறையும் கடக்கும் கடும்பாதை. யாம் சென்றது சிவப்புப் பாதையே. ஆயின் அக்குறி நல்ல நிலையிலுள்ள பாதைக்கு இடப்பட்டது. அதன்மேற் கிடக்கும் பனிக்கு இடப்பட்டதன்று. பனி கிடக்கும்போது சிவப்பு, நீலத்தினும் கொடிதாதல் கூடும்.

அன்று நிகழ்ந்தது

சேகிஸ்தால் என்னும் பள்ளத்தாக்கின் மேலுள்ள சரிவில், நிழல் விழுந்த ஒரு பள்ளத்தை அப்படிப்பட்ட பனித்திட்டு மூடிக் கிடந்தது. அகலம் முப்பது அடியிருக்கும். கீழே அறுபது எழுபது அடிக்கு அப்பாற் பாறைகள். எமக்கு முன்னே முதிய கணவனும் மனைவியும் சென்றனர். அவர்கள் பனியை அடையுமுன்னரே ஒரு கல்லில் அமர்ந்து, பையின் மேலறையிலிருந்து முள்ளடிகளை எடுத்து மாட்டி, ஆறுதலாகக் கடந்தனர். அவர்களின் அடிச்சுவடு தெளிவாய்ப் பதிந்திருந்தது. யாமும் எம் மாணவரும் என்ன செய்வதென்று பேசிக்கொண்டிருக்கும்போதே சிறுவன் அச்சுவடுகளில் ஓட்டச் சப்பாத்துடன் காலை வைத்தான். முள் பதித்த சுவடு முள்ளில்லாத காலுக்குப் படியாகாது. மூன்றாம் அடியில் வழுக்கினான்.

அவன் சென்றது பதினைந்து அடியே. பனியிலிருந்து தலைநீட்டிய ஒரு கல் அவனைத் தடுத்தது. அக்கல் இல்லாதிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எழுத எம் கை கூசுகின்றது. தந்தையார் பதறி இறங்க முற்பட்டார். அப்புறத்தில் நின்ற முதியவர் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். அவர் பதறவில்லை; முள்ளடியைச் சரிபார்த்து, கைத்தடியை ஊன்றி, குதியால் உதைத்துப் படி செய்துகொண்டே இறங்கி, சிறுவனைத் தமக்கு மேற்பக்கமாக நிறுத்தி, ஒவ்வொரு படியாக எம்மிடம் கொண்டுவந்து சேர்த்தார். சிறுவனின் இரு உள்ளங்கைகளும் முழங்கையும் தோலுரிந்து இரத்தம் கசிந்தன. இறுகிய பனி மேலே பஞ்சு போற் தோன்றினும், வழுக்குங் கால் அது மரத்தை உராயும் அரத்தாளை ஒக்கும். அன்று யாம் பவுல்ஹோர்ன் சிகரத்தைக் காணவில்லை. வந்த வழியே திரும்பினோம். வழிநெடுக எம் மாணவர் ஒரு சொல்லும் பேசவில்லை. புகையிரத நிலையத்தில் அந்தக் குளிர்பானப் போத்தலைப் பையிலிருந்து எடுத்தார். அது திறக்கப்படாமலே இருந்தது. “ஐயா, இதன் பாரம் அதைவிடக் கூட” என்றார். “தம்பி, குற்றம் எமக்கும் உண்டு, நாமும் பார்த்துக்கொண்டுதானே நின்றோம்” என்றோம்.

பையில் வைக்கும் முறை

அன்று தொட்டு யாம் கேட்டும் கண்டும் அறிந்த முறைகளைத் தொகுத்துரைப்பாம்.

முள்ளடியை எடுப்பதா விடுப்பதா என்பதை வீட்டு வாயிலின் வெயிலைக் கொண்டு தீர்மானித்தல் ஆகாது. பாதையின் மிக உயர்ந்த இடம் எவ்வளவு, அங்குள்ள சாய்வு எத்திசை நோக்கியது, அவ்வாண்டு மாரியும் வசந்தமும் எப்படியிருந்தன என்பவற்றை ஆராய்க. முதல்நாள் மலைவிடுதிக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்பின், அங்கிருப்போர் பனியின் நிலையை உள்ளபடி கூறுவர். ஐயம் இருப்பின் எடுத்துச் செல்க. 400 கிராம் என்பது அரைலீற்றர் நீரினும் குறைந்த பாரம்.

வீட்டிலேயே, எந்தச் சப்பாத்தை அணிந்து நடக்கப் போகின்றோமோ அதன்மேலேயே மாட்டிப் பார்த்தல் வேண்டும். முன்புறம் எது பின்புறம் எது என்று தெளிக. கையுறையோடு மாட்டிப் பழகுக. றப்பரில் வெடிப்பு உண்டா என இழுத்துப் பார்க்க. பழைய றப்பர் வேண்டிய நேரத்திற் கிழியும். ஆளுக்கு ஒரு சோடி வேண்டும். தந்தைக்கு இருந்து மகனுக்கு இல்லையாயின் ஒருவருக்கும் இல்லாததே போலும்.

முட்கள் பையையும் உடையையும் கிழிக்காதவாறு தடித்த துணிப்பையில் இட்டு, முட்களை உள்நோக்கி மடித்து, முதுகுப் பையின் மேலறையிலோ வெளியறையிலோ வைத்தல் வேண்டும். உணவுப் பெட்டிக்கும் மழைச்சட்டைக்கும் அடியில் வைத்த கருவியை, ஒடுங்கிய சரிவில் நின்று தோண்டி எடுக்க ஒருவரும் விரும்பார். “இம்முறை இல்லாமலே போவோம்” என்று சோம்பல் சொல்லும். கையுறை ஒரு சோடி, கறுப்புக் கண்ணாடி, உலர்ந்த காலுறை, கட்டுவதற்கு ஒரு நாடா, நுனியில் வட்டத்தட்டுள்ள கைத்தடி ஆகியவை உடனிருத்தல் நன்று. பனியிற் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும் என்பதை மறவற்க.

மாட்டும் இடம் பனியன்று. பனிக்கு முன்னுள்ள சமனான நிலம். அமர்ந்து மாட்டுக. நடக்கும்போது கால்களைச் சற்று அகற்றி வைக்க. இன்றேல் ஒருகால் முள் மறுகால் உடையிற் சிக்கும். அடி முழுவதும் பனியிற் படும்படி ஊன்றுக. இளகிய பனி முட்களிடையே கட்டியாய் அடைந்தால் முள் இருந்தும் இல்லாததே. தடியால் தட்டி உதிர்த்துக்கொள்க. வெறும் பாறை வந்ததும் கழற்றுக.

இவையெல்லாவற்றினும் மேலானது ஒன்று. சங்கிலி முள்ளடி தைரியத்தைத் தரும். அத்தைரியத்தை நம்பிச் செங்குத்தான பனியிற் செல்லல் ஆகாது. கீழே பாறையோ பள்ளமோ தோன்றி, சாய்வும் மிகுந்திருப்பின், கிராம்பனும் கோடரியும் பயிற்சியும் உடையார் அன்றிப் பிறர் திரும்புவதே அறிவுடைமை. மலை அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். சுவிற்சர்லாந்தில் இடர் நேர்ந்தால் 112 என்னும் பொது எண்ணையோ, வான்வழி மீட்புக்கு 1414 என்னும் எண்ணையோ அழைக்கலாம்; ஆயினும் அவ்வெண்களை அறிந்திருப்பது வழுக்காமல் இருப்பதற்கு ஈடாகாது.

முடிவாக ஒரு சொல். யானைக்கும் அடி சறுக்கும் என்றனர் முன்னோர். அஃது யானையை இகழ எழுந்த பழமொழியன்று. வலியோனும் தன் அடியைப் பார்த்து வைத்தல் வேண்டும் என்று அறிவுறுத்த எழுந்தது. ஆபத்து மேலே மலையில் நேர்கின்றது. அதனைத் தடுக்கும் செயலோ கீழே, வெயில் காயும் வீட்டு வாயிலில், ஒருவரும் ஆபத்தை நம்பாத வேளையிற் செய்யப்படுகின்றது. மாணவர்களுக்கு யாம் பரீட்சைக்கு முந்திய மாதங்களிற் பலகாலும் கூறிவந்த அறிவுரையும் இதுவே. கூறிய யாமே அதனை ஒருநாள் மறந்து நின்றோம்.

எம் மாணவர் பின்னர் எழுதிய மடலில், மூன்று சோடி முள்ளடிகள் இப்போது வைகாசி முதல் ஆடி வரை பையைவிட்டு இறங்குவதில்லை என்றும், அவற்றை எண்ணிப் பார்த்து வைக்கும் பொறுப்பைத் தம் மகனே ஏற்றுள்ளான் என்றும் தெரிவித்திருந்தார். பனிநாடுகளில் வாழும் எம் கல்லூரிப் பிள்ளைகள் அனைவரும் மலைகளைக் கண்டு மகிழ்ந்து, நலத்தோடு இல்லம் திரும்புவாராக.